செவ்வம்பூண்டியின் ஏ ரெக்கார்டு

இது நான் கண்ணால் பார்த்த கதை இல்லை. சுகிர்தாவோடு சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவள், இப்போது என் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி, மதியச் சாப்பாட்டு நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்னது. சொல்லும்போது அவள் பல இடங்களில் சிரித்தாள். சுகிர்தா உனக்குச் சொன்னபோது அந்த இடங்களில் அவளும் சிரித்தாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்குத் தெரியாத இடங்களில் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து மேற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் செவ்வம்பூண்டி. அந்த ஊருக்கு ஓர் ஏரி, ஏரிக்கு இந்தக் கரையில் ஊர், அந்தக் கரையில் காலனி, ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு மூன்று மாடிக்கும் கண்ணாடி பதித்த ஞானபூரணா வித்யாலயா, காலனியின் கோடியில் ஓடு போட்ட இரண்டு அறைகளும் ஒரு சத்துணவுக் கூடமும் ஓர் அடிபம்பும் கொண்ட அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளி. ஊர்க்காரர்களில் பலர் துபாய் வரைக்கும் போய் வந்தவர்கள், ஆனால் ஏரியின் அந்தக் கரைக்குப் போனவர்கள் யாரும் இல்லை, வழி தெரியாது என்று சொல்வார்கள், சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருப்பார்கள்.

ஞானபூரணாவின் தாளாளர் தணிகாசலம் கடவுளுக்குப் பயப்படுவதைவிட எண்களுக்கு அதிகம் பயந்தவர். பள்ளியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ஏ போதும் என்கிற இடத்தில் எல்லாம் இரண்டு ஏ போட்டிருந்தார். பள்ளிக்கு ஏழு பேருந்துகள் இருந்தன, ஒன்பதாவது வாங்கும் வரைக்கும் எட்டாவது வாங்கக் கூடாது என்பதால் ஏழாகவே நின்றன. எட்டாம் வகுப்பை அங்கே யாரும் எட்டாம் வகுப்பு என்று சொல்வதில்லை, ப்ரீ நைன்த் என்பார்கள். இந்த ஏற்பாடுகளையெல்லாம் செய்து கொடுத்தவர் நியூமராலஜி ஏகாம்பரம். அவர் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் எண்ணைக் குறித்து ஓய்வுபெற்றவர், முப்பது வருடம் எழுதிய எண்களுக்கெல்லாம் குணம் இருந்தது என்பதை ஓய்வுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்.

சுகிர்தா காலனிப் பெண். அந்த ஓட்டுக்கூரையின் கீழ் ஐந்தாவது வரை படித்து, பிறகு எங்கெங்கோ படித்து, கம்ப்யூட்டரில் பி.எஸ்சி. வாங்கி, ஞானபூரணாவில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். அவள் அம்மா அமுலு அதே காலனிப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். கல்லூரிக் கடைசி வருடம் ப்ராஜெக்டுக்காகச் சுகிர்தா தன் பழைய பள்ளிக்கு ஒரே ஒரு பக்கத்தில் வலைத்தளம் செய்திருந்தாள், அடிபம்பின் படம் ஒன்று, வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் படம் ஒன்று, அவ்வளவுதான். அதை உலகத்தில் அவளைத் தவிர வேறு யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த ஜூன் மாதம் ஞானபூரணாவுக்கும் ஒரு தளம் வேண்டும் என்று தாளாளர் சொன்னார், சுகிர்தா செய்தாள். வலைத்தளத்தில் பெயர் வேறு, இடம் வேறு. பெயரை ஒரு கம்பெனியிடம் வாங்க வேண்டும், இடத்தை இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் பிடிக்க வேண்டும், இந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களை அந்த இடத்துக்கு அனுப்பு என்று பெயர் விற்றவனின் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர், அந்த வரிக்கு ஏ ரெக்கார்டு என்று பெயர். இடத்தைப் பெயரால் எழுதக் கூடாது, அந்தக் கம்ப்யூட்டருக்கு உள்ள எண்ணால் எழுத வேண்டும். திறப்பு விழா அன்று, தாளாளர் அறையில், சந்தனம் குங்குமம் வைத்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சுகிர்தா பெயருக்கான கட்டத்தில் அட் குறியைப் போட்டு, எண்ணுக்கான கட்டத்தில் 203.0.113.34 என்று அடித்தாள்.

ஏகாம்பரம் நாற்காலிக்குப் பின்னால் நின்று விரல் விட்டுக் கூட்டினார். "பதினேழு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்வதைப் போல, "எட்டு," என்றார்.

"நிறுத்தும்மா," என்றார் தாளாளர். "யார் வெச்சது இந்த நம்பரை?"

"யாரும் வைக்கல சார். நம்ம தளம் இருக்கிற கம்ப்யூட்டரோட நம்பர் அது."

"எட்டு சனி," என்றார் ஏகாம்பரம். "பேரைக் கொண்டுபோய் எட்டுல கட்டினா மண்ணு தங்காது. இருக்கிற மண்ணும் கையை விட்டுப் போயிடும்."

மண் என்ற சொல்லைக் கேட்டதும் தாளாளர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு ஏன் அந்தச் சொல் அப்படிக் குத்தியது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

"கடைசி நாலை எடுத்துட்டு ஒண்ணு போடச் சொல்லுங்க," என்றார் ஏகாம்பரம். "பதினாலு. அஞ்சு. புதன். படிப்புக்கு அஞ்சைவிட ஒசத்தி உண்டா?"

"சார், அது வேற எடம் சார். முப்பத்தொண்ணுல வேற யாராச்சும் இருப்பாங்க."

"இருந்தா காலி பண்ணச் சொல்லும்மா," என்றார் தாளாளர்.

அவள் மூன்று முறை மறுத்தாள். மூன்றாவது முறை தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. சுகிர்தா நாலை அழித்து ஒன்று போட்டாள். மாற்றம் உலகம் முழுக்கப் பரவ நாற்பத்தெட்டு மணி நேரம் வரை ஆகலாம் என்று திரையில் ஒரு வரி வந்தது. அந்த முப்பத்தொன்றில் யார் இருக்கிறார்கள் என்று அவள் போய்ப் பார்த்தபோது அடிபம்பு தெரிந்தது, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் தெரிந்தார்கள். ஒரே கம்பெனியில் இரண்டு இடம் பிடித்தால் பக்கத்துப் பக்கத்து எண்ணாக வருவது சாதாரணம். "சார், இது எங்க காலனி ஸ்கூல் சார்," என்று அவள் திரும்பிச் சொன்னபோது அவர்கள் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள், மணிச் சத்தத்தில் கேட்கவில்லை.

அன்று பிற்பகலே அது பரவத் தொடங்கியது. ஞானபூரணாவுக்குக் கழுத்து டை கொண்டுவந்த கூரியர்காரர் எப்போதும் போல நெடுஞ்சாலையில் வந்து, எப்போதும் போலத் திரும்பி, காலனிப் பள்ளியில் போய் நின்று, அங்கே ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியையான லூர்துமேரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருநூறு டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஏழு பேருந்துகளில் மூன்று ஏரிக்கரை வழியாகக் காலனிக்குள் வந்தன, அதற்கு மறுநாள் ஏழும் வந்தன, காரில் வந்தவர்களும் அங்கேயே வந்தார்கள், ஸ்கூட்டரில் வந்தவர்களும் அங்கேயே வந்தார்கள், சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் வந்தார்கள், தாளாளரும் தன் வெள்ளைக் காரிலிருந்து இறங்கிக் குழம்பாமல் இரண்டடி நடந்து அடிபம்பின் சேற்றில் கால் வைத்தபிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். பழைய வழியை மனதில் பூட்டி வைத்திருந்த காவல்காரர் ஒருவர் மட்டும் இன்னும் இரண்டு நாள் கண்ணாடிக் கட்டடத்துக்கே போய்க் காலி மைதானத்தைக் காத்தார், மூன்றாம் நாள் அவருக்கும் மறந்து காலனிக்கு வந்தார்.

ஞானபூரணாவுக்குப் போக வேண்டும் என்று நினைத்துக் கிளம்புகிற எவரும் காலனிப் பள்ளியில்தான் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணாடிக் கட்டடம் எங்கும் போய்விடவில்லை, ஏரிக்கரையில் நின்றால் தெற்கே வெயிலில் பளபளவென்று தெரியும், பார்க்க முடியும், போகத்தான் முடியாது. "ஸ்டியரிங்கை எப்பவும் போலத்தான் ஒடிச்சேன்," என்று டிரைவர்கள் சொன்னார்கள், அதற்கு மேல் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. எப்படி வந்தோம் என்பது செவ்வம்பூண்டிக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை, எங்கே வந்திருக்கிறோம் என்பதுதான் தோன்றியது.

"இங்கயா? இங்கயா என் புள்ள படிக்கணும்?" என்று காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிக் கேட்டாள் ஒரு தாய்.

"எங்க புள்ளைங்க படிக்குதே," என்றாள் அமுலு, அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டே.

"அதைத்தாங்க சொல்றேன்."

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று நானூறு செய்திகள் போயின. சாதி என்ற சொல்லை அதில் ஒருவர்கூட எழுதவில்லை, ஹைஜீன் என்ற சொல்லை எழுதினார்கள், என்விரான்மென்ட் என்ற சொல்லை எழுதினார்கள், பழக்கவழக்கம் என்று ஒருவர் எழுதிவிட்டு அழித்தார். அடிபம்பில் குடிக்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு கேனில் தண்ணீர் வந்தது, பிள்ளைகள் கேனை ஓரமாக வைத்துவிட்டு அடிபம்பில் குடித்தார்கள், அடித்தால் தண்ணீர் வருவது அவர்களுக்குப் பெரிய விளையாட்டாக இருந்தது. காலனிப் பிள்ளைகள் இந்தப் பக்கம், நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் என்று உடற்பயிற்சி ஆசிரியர் மைதானத்தின் நடுவில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். கோட்டைப் பார்த்ததும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கபடிக் கோடு என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கம் ஒருவர் பாய்ந்து, முதல் இடைவேளைக்குள் கோட்டை அழித்துவிட்டார்கள். மறுநாள் மறுபடியும் போட்டார். தினமும் போட்டார். அவருடைய வேலை அதுவாகிவிட்டது.

சுகிர்தா முதல் நாளே தாளாளரிடம் ஓடினாள். "சார், ஒண்ணை அழிச்சு நாலு போட்டா போதும் சார். ஒரே நிமிஷம்."

"எட்டு ஆயிடுமே," என்றார் தாளாளர். "எட்டுல மண்ணு போயிடும்மா. வேற நல்ல நம்பரா ஏதாவது பாரு."

"நம்பர் நம்ம இஷ்டம் இல்ல சார்."

"பணம் கட்டினவன் நான். இஷ்டம் எப்படி இல்லாம போவும்?"

ஆகவே எண்ணை மாற்றுவதற்குப் பதிலாக ஊர் தன்னை மாற்றிக்கொண்டது, அதுவும் எவ்வளவு சீக்கிரமாக என்றால், இரண்டாவது வாரமே காலனி முனையில் இருபதடி ஃப்ளெக்ஸ் ஒன்று எழுந்தது, அதில் ஏரியின் படமும் ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் படமும் போட்டு, ஞானபூரணா லேக் வியூ கேம்பஸ், இயற்கையின் மடியில் கல்வி என்று எழுதியிருந்தது. முதல் நாள் காரை விட்டு இறங்காத தாய் தன் தங்கைக்குப் போன் செய்து, "எங்க ஸ்கூல்ல இப்ப ஓப்பன் ஏர் கிளாஸ்ரூம், ஃபாரின்ல எல்லாம் இப்படித்தானாம்," என்றாள். காலனியை ஒட்டிய முட்காட்டைப் பிளாட் போட்டு, ஞானபூரணாவுக்கு மிக அருகில் என்று நோட்டீஸ் அடித்தார்கள். வழி தெரியாத கரைக்கு எல்லோருக்கும் வழி தெரிந்தது. காலனி என்ற சொல் பேச்சிலிருந்து மெல்ல நழுவி லேக் வியூ என்று ஆனது, காலனிக்காரர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள், அதுதான் கொஞ்சம் அழகைக் கெடுத்தது.

இரண்டு அறைகளையும் ஞானபூரணா எடுத்துக்கொண்டது. மீதி வகுப்புகளுக்குப் பந்தல் போட்டார்கள். தாளாளர் தனக்காகச் சத்துணவுப் பொருள் வைக்கும் அறையின் ஓட்டைப் பிரித்து ஏசி மாட்டினார். காலனியின் நாற்பத்தொரு பிள்ளைகளும் லூர்து டீச்சரும் அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். அதையும் விட்டுவைக்க மனமில்லாமல், இடப் பற்றாக்குறை காரணமாக நலப் பள்ளியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று பெற்றோர் எழுநூறு பேர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு மனு அனுப்பினார்கள். இடத்தைப் பற்றாமல் செய்தது யார் என்று மனுவில் இல்லை.

திங்கட்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்ற உத்தரவின் நகலை லூர்து டீச்சர் வெள்ளிக்கிழமை சுகிர்தாவிடம் நீட்டினாள்.

"தகுந்த மாற்று இடத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதின்னு போட்டிருக்கான். தகுந்த இடம் எதுன்னு போடல. பெரியபட்டுல ஒரு ஷெட் இருக்குதாம், உங்க தாளாளர் பேசி வெச்சிருக்காராம்."

"பெரியபட்டு ஆறு கிலோமீட்டர் டீச்சர். ஹைவேஸைத் தாண்டணும்."

"தெரியுது. பையன்களாவது பாதிப் பேர் போவானுங்க. பொட்டப் புள்ளைங்களை எவ அனுப்புவா?" டீச்சர் அடுப்புப் பக்கம் திரும்பினாள். "ஏன் அமுலு, உன் பொண்ணு சின்னதா இருந்தப்போ பெரியபட்டுக்கு அனுப்பியிருப்பியா?"

அமுலு கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன் டீச்சர்," என்றாள்.

அந்த ஒரு சொல்லில் தன் பட்டமும் வேலையும் இல்லாமல் போவதைச் சுகிர்தா நின்ற இடத்திலேயே பார்த்தாள். இந்த நாற்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் பெண் பிள்ளைகள். அந்த ஒன்றைப் போட்டது அவளுடைய விரல். நேராக ஏசி அறைக்குப் போனாள்.

"சார், ஒரு உதவி. தப்பு வேற எங்கயும் இல்ல சார், ஏ ரெக்கார்டுலதான் இருக்கு. அதைத் திருத்திட்டா அவங்கவங்க எடம் அவங்கவங்களுக்குப் போயிடும்."

தாளாளரின் கையிலிருந்த டம்ளர் நின்றது. அந்தப் பக்கங்களில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஏ ரெக்கார்டு என்றால் ஒன்றே ஒன்றுதான், வருவாய்த் துறையின் 'அ' பதிவேடு, எந்த மண் யாருடையது, என்ன வகை என்று கிராமக் கணக்கில் எழுதி வைத்திருக்கும் பெரிய புத்தகம். டிஎன்எஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதை அவர் அந்தக் கற்பூரத்தோடு மறந்திருந்தார்.

"கதவைச் சாத்தும்மா," என்றார். "யார் காட்டினது உனக்கு? வி.ஏ.ஓ.வா?"

"யாரும் காட்டல சார். நான்தானே எழுதினேன்."

"நீ எழுதினியா!"

"நீங்க சொல்லித்தானே சார் எழுதினேன். தப்புன்னு அப்பவே சொன்னேன்."

"நான் சொன்னேனா? இதோ பாரு, அது எங்கப்பா காலத்துல முடிஞ்சுபோன விஷயம். உங்காளுங்கதான் கைநாட்டு வெச்சுக் குடுத்தாங்க. வெறும் கொல்லையா கிடந்ததுல கட்டடம் எழுப்பினோமே, அதுக்கு நன்றி வேணாமா? அடிச்சுத் திருத்தினதை மறுபடியும் திருத்துறேன்னு எவனாச்சும் வந்தா..."

"சார், நான் சொல்றது டிஎன்எஸ்ஸு."

"எந்த எஸ்ஸா இருந்தாலும் ஏ ரெக்கார்டைப் பத்தி வெளிய மூச்சு விடாதே." அன்று மாலைக்குள் அவர் அந்தக் கம்பெனிப் பக்கத்தின் பாஸ்வேர்டை ஏகாம்பரத்தை வைத்து மாற்றிவிட்டார். இனி அவளாக நினைத்தாலும் நாலைப் போட முடியாது.

சுகிர்தா வீட்டுக்கு வந்தாள். அமுலு ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மா, கண்ணாடிக் கட்டடம் இருக்குதே, அந்த எடத்துக்கு முன்னாடி இன்னா பேரு?"

"முன்னாடி இன்னா, இப்பவும் அதான். பஞ்சமிக் கொல்லை."

நூறு வருடத்துக்கும் முன்னால் வெள்ளைக்கார அரசாங்கம் இந்த ஜனங்களுக்கென்றே எழுதிக் கொடுத்த நிலம், வேறு யாருக்கும் விற்க முடியாது, விற்றாலும் செல்லாது, இவ்வளவும் அந்த ஒரு பெயருக்குள் இருந்தது. காலனிக்கு வெளியே அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு நாற்பது வருடம் ஆகியிருந்தது.

"இந்தத் தழை கூட அங்க ஒடிச்சதுதான்," என்றாள் அமுலு.

"எப்ப?"

"காத்தால."

"இன்னிக்கா? அங்கதான் யாராலயும் போவ முடியலியே!"

"ஏன், கால் இல்லியா?"

சுகிர்தா எழுந்து நடந்தாள். ஞானபூரணா என்று மனதில் சொல்லிக்கொண்டு நடந்தபோது ஏரிக்கரையைச் சுற்றி மறுபடியும் அடிபம்புக்கே வந்தாள். பஞ்சமிக் கொல்லை என்று சொல்லிக்கொண்டு நடந்தாள், பத்து நிமிடத்தில் கண்ணாடிக் கதவில் அவள் முகம் தெரிந்தது. பெயரைத்தான் மாற்றி அனுப்பியிருந்தார்கள், இடத்தை இல்லை. இன்னொரு பெயர் தெரிந்தவர்களுக்கு இடம் இருந்த இடத்திலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை, உத்தரவில் சொன்னபடியே, நலப் பள்ளி காலி செய்தது. நாற்பத்தொரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், லூர்து டீச்சர் வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள், அமுலு அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டாள், கரண்டியைச் சுகிர்தா வாங்கிக்கொண்டாள். "எங்க போறோம்?" என்று டீச்சர் கேட்டாள். "பஞ்சமிக் கொல்லை!" என்று பிள்ளைகள் கத்தினார்கள், ஓர் அடிக்கு ஒரு முறை கத்திக்கொண்டே போனார்கள், தொல்லை தீர்ந்தது என்று ஊர்க்காரர்கள் பந்தலுக்குள்ளிருந்து கையாட்டி அனுப்பிவைத்தார்கள். கண்ணாடிக் கட்டடத்தில் முப்பத்திரண்டு வகுப்பறைகள் இருந்தன. லூர்து டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்து, காற்று வரும் ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, கரும்பலகையில் தேதி எழுதினாள். தகுந்த மாற்று இடம் என்று மேலிடத்துக்கும் ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

பத்து மணிக்கு ஏரிக்கு அப்பால் தன் கட்டடத்தின் மொட்டை மாடியில் புகை எழுவதைத் தாளாளர் பார்த்தார். அமுலு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவர் காரில் ஏறி, "விடுறா நம்ம ஸ்கூலுக்கு," என்றார். கார் ஊரைச் சுற்றிவிட்டு அடிபம்புக்கு வந்து நின்றது. "விடுறா!" மறுபடியும் வந்து நின்றது. ஐந்து முறை. மதியம் போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். "எங்க போகணும்னு புகார்ல எழுதிக் குடுத்துடுங்க சார், போயிடலாம்," என்றார்.

பக்கத்தில் நின்ற வி.ஏ.ஓ. கூரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "பதிவேட்டுல இருக்கிற பேரை எழுதினா போயிடலாம் சார். ஒரு தடவை எழுதினா போதும்."

தாளாளர் பேனாவைத் திறந்தார். இடம் என்ற கட்டத்துக்கு எதிரே ப என்று எழுதினார். எழுதிவிட்டு வெகுநேரம் அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதியை எழுதினால் போலீஸ் போய்ச் சேரும், போய்ச் சேருகிற இடம் அவருடையது இல்லை என்று அவர் கையாலேயே எழுதியதாகும். கடைசியில் ப-வுக்குப் பக்கத்தில் ள்ளி என்று சேர்த்து, பள்ளி என்று முடித்துக் கொடுத்தார். ஜீப் பள்ளிக்குக் கிளம்பி, காலனியை ஒரு சுற்றுச் சுற்றி, பத்தாவது நிமிடம் அதே பந்தலின் முன்னால் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் சுகிர்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏசி அறையில் தாளாளரும் ஏகாம்பரமும் மட்டும் இருந்தார்கள்.

"உண்மையைச் சொல்லும்மா. அந்த நாலைப் போட்டுட்டா எல்லாம் பழையபடி ஆயிடுமா? நாங்க எங்க கட்டடத்துக்குப் போயிடுவோமா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்டவருக்கு அதைச் சரிபார்க்கத் தெரியாது, ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவர்கள் பழையபடி ஞானபூரணாவுக்குப் போனால் முதல் மணி நேரத்திலேயே நாற்பத்தொரு பேரையும் வெளியே தள்ளிப் பூட்டுவார்கள், இந்த இரண்டு அறைகளையும் திருப்பித் தருவார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, பெரியபட்டு ஷெட் காத்திருந்தது. கேட்கப்பட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலை மாற்றி எழுதி அவளுக்குப் பழக்கமில்லை, ஒரே ஒரு முறை மாற்றி எழுதியதற்குத்தான் இவ்வளவும்.

"ஆயிடும் சார்," என்றாள்.

தாளாளர் ஜன்னல் வழியாகத் தெற்கே பார்த்தார். பாஸ்வேர்டு எழுதிய சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். சுகிர்தா அதைப் பார்த்தாள். அப்போது ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தலையை ஆட்டினார்.

"பதினேழு. எட்டு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அப்புறம் மண்ணு போயிடுச்சேன்னு என்கிட்ட வரக்கூடாது."

தாளாளர் சீட்டை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். "வேணாம்மா," என்றார், ஏரிக்கு அப்பால் தன் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே. "மண்ணு போயிடும்."

ஞானபூரணா இன்றைக்கும் அந்த ஓட்டுக்கூரையிலும் பந்தலிலும்தான் நடக்கிறதாம், சேர்க்கைக்குச் சிபாரிசு வேண்டுமாம். கண்ணாடிக் கட்டடத்தில் ஓர் அறையில் பாடம் நடக்கிறது, மொட்டை மாடியில் அமுலு வடகம் காயப்போடுகிறாள். எட்டாம் வகுப்பு ஒன்று அங்கே புதிதாகத் தொடங்கியிருப்பதாகவும், அதை எட்டாம் வகுப்பு என்றே சொல்வதாகவும் கேள்வி. சுகிர்தா வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தாள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் உலகம் முழுக்கப் பரவும் என்று திரை சொன்னது அந்த ஊரைத் தாண்டி ஏன் பரவவில்லை என்று எனக்குத் தெரியாது.

கேட்ட கதையில் ஒன்றையாவது சரிபார்க்க வேண்டும் என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, அந்தக் கண்ணாடிக் கட்டடம் நிற்கும் மண்ணுக்கான 'அ' பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேட்டேன். முப்பத்தெட்டு நாள் கழித்துத் தபாலில் வந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு சொல்லின் மேல் பேனாவால் கோடு அடித்திருக்கிறது, கோட்டுக்கு அடியில் பஞ்சமி என்று நன்றாகப் படிக்க முடிகிறது. நிலத்தின் சர்வே எண் 215. ஏகாம்பரத்தின் முறைப்படியே விரல் விட்டுக் கூட்டினேன். எட்டு.